வீட்டில் ஈயம் உருக்கித் தூண்டில் குண்டு வார்க்கலாமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டம் பாறையில் தூண்டில் போடுகிறவர் நீங்கள். ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், பழைய ஈயம் வாங்கி, அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் சாய்ப்பில் விறகடுப்பு மூட்டி, உபயோகம் தீர்ந்த அலுமினியச் சட்டியில் உருக்கிக் குண்டு வார்க்கிறீர்கள். அந்தப் புகை பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் சண்டை பிடிக்கிறார். உங்களுக்கு வார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவரோ, காலமெல்லாம் உருக்கியும் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. எந்த முகமூடி, எந்தக் கையுறை வாங்கினால் நல்லது, வேலை முடிந்ததும் பால் குடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றையெல்லாம் வாங்கிவிட்டால் வீட்டிலேயே தொடரலாமா என்பதுதான் அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி. வேண்டாம் என்பது என் பதில். மனைவிக்குப் பிரசவமாகி, இரண்டு பிள்ளைகளும் கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம் தாண்டும்வரை அந்த வீட்டு எல்லைக்குள் ஈயம் உருகவே கூடாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிற்காலத்தில் வேறிடத்தில் செய்வதாக இருந்தால் அதற்கும் பயன்படும்.

ஈயக் கலவைகளை உருக்கி வார்க்கும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது நாகர்கோவில் பக்கம் இருக்கிறேன். ஆலைக் காற்றில் எவ்வளவு ஈயம் மிதக்கிறது, தொழிலாளியின் கையிலும் சட்டையிலும் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, இரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பதும், அந்தக் கணக்கைக் காட்டி வேலைமுறையை மாற்றச் சொல்லி மேலாளர்களோடு மல்லுக்கட்டுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. நான் மருத்துவன் அல்லன். உங்கள் குழந்தையின் உடலில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று நீங்கள் எழுதியதை வைத்து என்னால் சொல்ல முடியாது. இரத்தம் எடுத்துப் பார்க்காமல் மருத்துவராலும் சொல்ல முடியாது.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். திடமான ஈயக் கட்டியைக் கையில் பிடிப்பதால் அது தோல் வழியாக உடலுக்குள் இறங்குவது மிக மிகக் குறைவு. ஈயம் உள்ளே போகும் வழிகள் வாயும் மூக்கும்தான். ஆகவே கையுறை என்பது சூட்டுக்காகப் போடுவது. ஈயத்தைத் தடுப்பதற்கு அதை நம்பிவிடக் கூடாது. அழுக்கான கையுறையோடு மூக்கைச் சொறிகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தது புகை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும்; 1,749 டிகிரியில்தான் கொதிக்கும். 350 முதல் 400 டிகிரி வரையில் வைத்து வார்க்கும்போது ஈயம் ஆவியாவது மிகவும் சொற்பம். உங்கள் மாமியார் பார்க்கும் புகை விறகிலிருந்தும், ஆக்கர் கடை ஈயத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய், தார், பெயின்ட், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றிலிருந்தும் வருவது. அதுவும் நல்லதில்லை, குறிப்பாகப் பழைய பெயின்டில் ஈயமே இருக்கும். ஆனாலும் உருகிய ஈயத்திலிருந்து கிளம்பும் ஆவியைக் கண்ணால் பார்த்து அளந்துவிட முடியாது. 480 டிகிரியைத் தாண்டினால்தான் ஆவி ஒரு பொருட்டாகும் என்று வார்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உலவுகிறது. தோராயமாக அது சரி. ஆனால் அதை ஒரு மதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளறுவது, கசடை எடுப்பது, கரண்டியிலிருந்து உயரத்தில் ஊற்றுவது என ஒவ்வொன்றும் காற்றில் ஈயத்தைக் கூட்டும். விறகடுப்பில் சட்டியின் அடி ஒரு சூடு, மேற்பரப்பு வேறொரு சூடு என்பதால் அந்த 480 எங்கே நிற்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

மாமியார் சொல்லும் முடிவு சரி, காரணம்தான் வேறு. உருகிய ஈயத்தைக் கவனித்துப் பார்த்திருப்பீர்கள். மேற்பரப்பு ஒரு கணம் பளபளவென்று மின்னும், உடனே சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படியும். கரண்டியால் ஒதுக்கினால் மறுபடி மின்னும், மறுபடி படியும். அந்த ஆடையைச் சுரண்டிச் சட்டியோரத்தில் தட்டினால் ஆறியபின் பொடியாக உதிரும். அதில் பெரும்பகுதி ஈய ஆக்சைடு. ஈயக் கட்டியைவிட இந்தப் பொடி வயிற்று அமிலத்தில் எளிதாகக் கரையும். தரையில் விழும், உங்கள் கால்சட்டை மடிப்பில் ஏறும், ரப்பர் செருப்போடு அடுக்களைக்கு வரும். இப்போது ஒரு கணக்கு. உணவின் வழியாகக் குழந்தைக்குள் போகும் ஈயம் நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவலைக்குரியது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. தூய ஈய ஆக்சைடு ஒரு மில்லிகிராமில், அதாவது ஒரு கிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கில், 900 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கிறது. அந்த நாளளவைப்போல் 400 மடங்கு. ஒரு மில்லிகிராம் பொடி விரல் நுனியில் இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

ஆலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாங்கள் ஒரு சோதனை செய்து காட்டுவோம். உணவு இடைவேளையில், குழாயில் கையை நனைத்துத் துடைத்துவிட்டு வருகிறவரை நிறுத்தி, உள்ளங்கையை ஈரமான வெள்ளைத் துணியால் துடைப்போம். துணியில் அழுக்கு எதுவும் தெரியாது. அதன்மேல் சோடியம் ரோடிசோனேட் என்ற கரைசலைத் தெளிப்போம். ஈயம் இருந்தால் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறும். நகக்கண்ணைத் துடைத்த இடம் நன்றாகச் சிவந்து நிற்கும். பிறகு அதே ஆளைச் சோப்பும் நகத் தூரிகையும் கொடுத்துக் கழுவச் சொல்லி மறுபடி துடைத்துக் காட்டுவோம். நான் நடத்திய வகுப்புகள் எதுவும் அந்தத் துணி செய்த வேலையைச் செய்ததில்லை. வெறும் தண்ணீரில் கழுவிய கை சுத்தமான கை என்ற எண்ணம் அங்கேயே போய்விடும். சானிடைசர் கிருமிக்கு ஆகும். ஈயத்தை அது கையிலேயே பரப்பிவிடும்.

குழந்தையும் கர்ப்பிணியும் இருப்பதால் ஏன் கணக்கு மாறுகிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஆள் ஒருவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே இரத்தத்தில் சேரும். சிறு குழந்தைக்கு அது 40, 50 விழுக்காடு வரை போகலாம். வயிறு காலியாக இருந்தாலோ, இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்திருந்தாலோ இன்னும் கூடும். வளரும் மூளையை அது பாதிக்கிறது. கவனம், கற்கும் திறன், நடத்தை ஆகியவற்றில் அந்தப் பாதிப்பு தெரியும். இதைவிடக் குறைந்தால் பாதிப்பே இல்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு டெசிலிட்டர் (நூறு மில்லிலிட்டர்) இரத்தத்துக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்குமேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று அந்நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டில் குழந்தைகளுக்கான தன் குறிப்பளவை 5இலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. 3.5க்குக் கீழே என்றால் ஆபத்தில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. மற்றக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைக்கு அதிகம் என்று பிரித்துக் காட்டும் கோடு அது, அவ்வளவுதான். கர்ப்பிணி விஷயத்தில் இன்னொன்று. உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல பத்தாண்டுகள் கிடக்கும். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது ஈயமும் சேர்ந்து இறங்குகிறது. தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகிறது.

பெரியவர் பொய் சொல்லவில்லை. தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். சிக்கல் என்னவென்றால், ஈயம் தரும் தொல்லைகள் எல்லாம் வேறெதிலாவது கணக்கெழுதப்படும் தொல்லைகள்: மலச்சிக்கல், வயிற்றுவலி, தலைவலி, சோர்வு, இரத்த அழுத்தம், இரத்தசோகை. மணிக்கட்டு தொங்கிப்போவது போன்ற பாடநூல் அறிகுறிகள் வரும்போது அளவு எங்கோ போயிருக்கும். எங்கள் ஆலையில் இரத்த ஈயம் அதிகமாக வந்தவர்களில் பலர் நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் அறிக்கையை வாங்கிப் போனார்கள். அவருக்கு ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். திறந்த கடற்கரையில், எப்போதாவது, காற்றோட்டமாக உருக்கியவர் என்றால் அதற்கு வாய்ப்புண்டு. உங்கள் வீட்டுச் சாய்ப்புக்கும் உங்கள் குழந்தைக்கும் அது சான்றாகாது.

ஆக்கர் கடை ஈயம் என்று எழுதினீர்கள். எதிலிருந்து எடுத்த ஈயம் என்று எழுதவில்லை. பழைய கேபிள் உறையும் கூரைத் தகடும் ஓரளவு சுத்தமானவை. கார் சக்கரத்தில் ஒட்டும் எடைகளில் ஆன்டிமனி என்ற தனிமம் கலந்திருக்கும். சிலவற்றில் ஈயமே இருக்காது, துத்தநாகமாக இருக்கும். துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும். அது மிதப்பதைப் பார்த்து உருகவில்லையே என்று விறகைத் திணிக்காமல் கரண்டியால் எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். காரில் கழற்றியதானாலும் இன்வெர்ட்டரில் கழற்றியதானாலும் அதன் தகடுகளில் ஒட்டியிருப்பது கந்தக அமிலம் ஊறிய ஈயப் பசை. அது உடைக்கும்போதே பொடியாகப் பறக்கும். தகட்டுக் கலவையில் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் இருப்பதால் அதன் கசடில் ஈரம் பட்டால் சில நிலைமைகளில் கொடிய வாயுக்களும் கிளம்பும். செனகல் நாட்டுத் தலைநகர் தக்காரை ஒட்டித் தியாரோய் சுர் மேர் என்ற கடலோர ஊர் இருக்கிறது. வீட்டோரங்களில் பேட்டரி உடைத்து ஈயம் எடுத்த மண்ணைச் சலித்து, மூட்டை கட்டி, வீட்டில் வைத்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியதுதான் அந்த மண்ணைத் தேடிப் போக வைத்தது. நம் நாட்டிலும் பழைய பேட்டரிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் சேர்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு முன்பே, 2001 முதல் இதற்கு விதி இருக்கிறது.

ஈயத்தின் நஞ்சைப் பற்றி இவ்வளவு சொல்லும் நான், உருக்குகிறவர் உடனடியாக அஞ்ச வேண்டியது எது என்று கேட்டால் தண்ணீர் என்றுதான் சொல்வேன். உருகிய ஈயத்தின் மேல் ஒரு மழைத்துளி விழுந்தால் சுள்ளென்று தெறிக்கும். ஆனால் ஈயத்துக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டால் கதை வேறு. நீராவியாக மாறும்போது தண்ணீர் ஆயிரத்து எழுநூறு மடங்குக்குக் குறையாமல் விரியும். சட்டியில் இருக்கும் ஈயம் முழுவதும் முகத்துக்கு வரும். பாறையிடுக்கில் பொறுக்கிய பழைய குண்டுகளைத்தான் நம் பக்கத்தில் திரும்ப உருக்குகிறார்கள். அந்தக் குண்டின் துளைக்குள் கடல்நீர் நிற்கும், உப்பு நிற்கும், தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) முடிச்சு நிற்கும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். ஆகவே உருகிக்கொண்டிருக்கும் சட்டிக்குள் புதிதாக எதையும் போடக் கூடாது. எல்லாவற்றையும் குளிர்ந்த சட்டியிலேயே போட்டு அடுப்பேற்ற வேண்டும். கரண்டியும் அச்சும் சூடேறிய பிறகே ஈயத்தைத் தொட வேண்டும். மணலில் குழி போட்டு வார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல் மணலில் இருக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; வெயிலில் உலர்த்தியது போதும் என்று நம்பாதீர்கள்.

அந்த அலுமினியச் சட்டியையும் விட்டுவிடுங்கள். அலுமினியம் உருகும் சூடு 660 டிகிரி என்றாலும் அதற்கு வெகு முன்பே வலுவிழந்துவிடும். ஐந்தாறு கிலோ ஈயத்தோடு சட்டியைத் தூக்கும்போது பிடி கழன்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வார்ப்பிரும்புச் சட்டியோ கனமான எஃகுப் பாத்திரமோதான் இதற்குச் சரி. ஒருமுறை ஈயம் உருகிய பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. அடையாளம் தெரியாமல் யாராவது எடுத்துவிடாதபடி அதில் துளை போட்டோ பெயின்ட் அடித்தோ வையுங்கள்.

பிள்ளைகள் வளர்ந்தபின், அல்லது நண்பர் ஒருவரின் ஆளில்லாத தோப்பில் வார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே கூரை இருக்கலாம், பக்கச் சுவர் கூடாது. காற்று மெல்ல வீசும் நாளாகப் பாருங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசுகிற காற்று சாம்பலை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யாரும் சொல்ல முடியாது. இடவப்பாதி மழையும், அதாவது தென்மேற்குப் பருவமழையும், சொல்லிவிட்டு வராது. நிற்கும்போது காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து வரட்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் உடம்பைச் சுற்றி வரும் காற்று முன்னால் சுழன்று அடுப்பிலிருந்து எழுவதை முகத்துக்கே இழுத்து வரும். விறகைவிடக் கேஸ் அடுப்பு மேல், ஏனெனில் சூட்டைக் குறைக்க முடியும். உலோகங்களுக்கான வெப்பமானி ஒன்று வாங்குவதற்குச் செலவு செய்யுங்கள். ஈயத்தின் மேல்பரப்பில் பொன்னிறமும் நீலமும் ஊதாவும் ஓடத் தொடங்கினால் சூடு தேவைக்கு மேல் போய்விட்டது என்று கொள்ளலாம். சட்டி சிவக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியும்போது 500 டிகிரியை எப்போதோ தாண்டியிருக்கும்.

முகமூடியைப் பற்றிக் கேட்டீர்கள். துணி முகமூடியும் நீலநிற அறுவை முகமூடியும் இந்த வேலைக்கு இல்லாததற்குச் சமம். என்95 தூசைப் பெருமளவு தடுக்கும். தொடர்ந்து வார்க்கிறவர் மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுகமூடியை, முகத்தோடு ஒட்டி உட்காரும்படி தாடியை மழித்துவிட்டு, அணிய வேண்டும். கண்ணுக்கு முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் கவசம், கைக்குத் தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி. லுங்கியும் வார் செருப்பும் கட்டாயம் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். அங்கே இருக்கும்வரை சாயா, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். முடிந்தபின் தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கசடையும் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, மறுசுழற்சிக்குக் கொடுங்கள். உடையை அங்கேயே மாற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அதைத் துவைப்பது மனைவியின் வேலையாக இருக்கக் கூடாது. குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். சட்டையோடு வீட்டுக்குப் போன ஈயம் தொழிலாளியின் குழந்தையைப் போய்ச் சேர்ந்ததை ஆலைகளில் கண்டுதான் இந்த விதிகளெல்லாம் வந்தன.

பாலும் வெல்லமும் ஆலைகளில் இன்றும் கொடுக்கிறார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தவறான தைரியத்தைக் கொடுக்கிறது என்ற எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. நாள்தோறும் கால்சியமும் இரும்பும் சரியாக உண்பவருக்குக் குடல் ஈயத்தைக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வேலை முடிந்து ஒரு டம்ளர் பால் குடித்தால் உள்ளே போன ஈயம் முறிந்துவிடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கழுவாத கையோடு அந்த டம்ளரைப் பிடித்தால் கூடுதலாகக் கொஞ்சம் ஈயம்தான் உள்ளே போகும்.

இதுவரை சாய்ப்பில் உருக்கியாகிவிட்டது. கசடைத் தென்னை மூட்டில் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ஈயம் மண்ணில் இறுகப் பிடித்துக்கொண்டு, மேல்மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதனால் கிணற்றைவிட, அந்த இடத்தில் விளையாடும் பிள்ளையும் கிளறும் கோழியும்தான் முதல் கவலை. கோழி தின்ற ஈயம் முட்டையில் வரும் என்பது பல நாடுகளில் அளந்து பார்த்து உறுதியானது. கிணற்றைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். சிவந்த களிமண்ணில் ஈயம் நகர்வது குறைவு; கடலோரத்து மணற்பாங்கான மண்ணில் பிடிப்பு குறைவு. உங்கள் கிணறு அந்த மூட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மண்ணை லேசாக நனைத்து, தூசு கிளம்பாமல், கசடு தெரியும் இடத்தை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிச் சாக்கில் கட்டித் தனியே வையுங்கள். வெட்டிய இடத்தில் நல்ல மண் போட்டு மூடுங்கள். சாய்ப்பின் தரை, சுவரின் அடிப்பகுதி, விறகு அடுக்கிய இடம் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, துணியை மாற்றி மறுபடி துடையுங்கள். இதை நீங்கள் செய்யுங்கள், மனைவி அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பிறகு பரிசோதனை. மகளுக்கும் மனைவிக்கும் உங்களுக்கும் இரத்த ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மனைவியின் மகப்பேறு மருத்துவரிடம் ஈயம் உருக்கிய விவரத்தைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். நாகர்கோவிலின் பெரிய பரிசோதனைக் கூடங்களில் மாதிரி எடுத்துப் பெரும்பாலும் வெளியூருக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். நரம்பிலிருந்து எடுத்த இரத்தமாக இருக்கட்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய ஈயமும் சேர்ந்து தவறான உயர்வைக் காட்டும். எண் அதிகமாக வந்தால் பதற வேண்டாம். ஈயத்தின் வரத்து நின்றால் இரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும்; எலும்பில் சேர்ந்தது மெதுவாகத்தான் இறங்கும். மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை உயர்ந்த அளவுகளுக்கானது. குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமிலிருந்து அதைப் பரிந்துரைக்கிறார்கள். அது மருத்துவமனையில் மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம். கடையில் விற்கும் உடல் சுத்திகரிப்புப் பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்தும் குழந்தையின் அளவு இறங்கவில்லை என்றால் வேறு வழிகளைத் தேட வேண்டும்: உதிரும் பழைய பெயின்ட், கலப்பட மஞ்சள்தூள், ஊர் பேர் தெரியாத கண்மை, மூலப்பொருள் தெரியாத உலோக மருந்துகள்.

உருக்குவதையே விட்டுவிட்டவர்களும் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. மணக்குடி காயலில் வீச்சு வலை வீசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலையின் ஒரு முனையைக் கையில் மடித்து, ஈயமணி கோத்த விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசுவார்கள். வலை வட்டமாக விரியும் அந்தக் கணத்தில்தான் வாய் அதை விடும். தூண்டில்காரர்கள் செய்வது இன்னும் மோசம்: பிளவுபட்ட சிறு குண்டைத் தங்கூசியில் மாட்டிப் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள். உப்புக் காற்றில் கிடந்த குண்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது ஈயக் கார்பனேட் கலந்த பொடி. தொட்டாலே ஒட்டும், கடித்தால் நேராக வயிற்றுக்குத்தான் போகும். ஒரு சிறிய குறடு போதும். வீச்சு வலைக்காரரிடம் பல்லை விடச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். அந்த மணிக்கோர்வையின் ஓரிடத்தில் துணி சுற்றி, அந்த இடத்தை மட்டும் கவ்வச் சொல்லலாம்.

வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பற்றவைக்கும் ஈயக்கம்பி 183 டிகிரியிலேயே இளகும். அந்தச் சூட்டில் ஈய ஆவி கணக்கில் எடுக்கும் அளவு வராது. அங்கே மூக்கில் ஏறும் புகை கம்பிக்குள் இருக்கும் ரோசின் என்ற பைன் மரப் பிசினுடையது. ஆஸ்துமாக்காரருக்கு அதுவே ஆகாது. சன்னலோரம் உட்காருங்கள், கம்பியை வாயில் கவ்வாதீர்கள், முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். அது தொடரலாம்.

கடைசியாக, முட்டம் பாறையில் உங்களுக்கு ஈயம் வேண்டுமா என்றே எனக்குச் சந்தேகம். அங்கே ஐந்து முறை எறிந்தால் ஒன்று இடுக்கில் மாட்டி அறுந்துபோகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறுந்துபோகப் போகிற பொருளுக்கு எதற்கு ஈயம்? இரும்பின் அடர்த்தி ஈயத்தில் பத்தில் ஏழு பங்கு. அதே எடைக்குக் குண்டு ஒன்றரை மடங்கு பெரிதாகும், காற்றடிக்கும் நாளில் வீச்சு தூரம் கொஞ்சம் குறையும். பாறையோரத்துப் பாரைக்கும் கொடுவாவுக்கும் அது தடையல்ல. கட்டுமானக் கம்பித் துண்டு, பெரிய நட்டு, மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கும் பழைய ஸ்பார்க் பிளக், பழைய வலைத்துண்டில் கட்டிய கூழாங்கல் எல்லாமே வேலை செய்யும். எடையை மெல்லிய நூலில் தனியாகக் கட்டினால் அது மட்டும் அறுந்து மீன் தப்பாமல் வரும். குளங்களில் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரைப்பைக்குக் கல் பொறுக்கும் நீர்ப்பறவைகள் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி இறப்பதைக் கண்டுதான் பிரிட்டன் 1987இல் சிறிய ஈயத் தூண்டில் எடைகளைத் தடை செய்தது. ஏற்கெனவே வார்த்து வைத்திருக்கும் குண்டுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இரண்டு பூச்சு நகப்பாலிஷோ எனாமல் பெயின்டோ அடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பாறைக்குப் போகும்போது பையில் ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் ஒரு சோப்பும் இருக்கட்டும்; கட்டிக்கொண்டு போன மரச்சீனிக் கிழங்கை அவிழ்ப்பதற்கு முன்னால் கையைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.